தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

விபத்துக்குப் பிறகு நான் போன முதல் டேட்டிங் ஒரு உணவகத்தில். அவர் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஆறரைக்கே போய்விட்டேன். சக்கர நாற்காலியிலிருந்து உணவக நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். என் நாற்காலியை மடித்து, கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னேன். பணியாளர் அதைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மேசைவிரிப்பு நல்ல நீளம். கால்களைக் கையால் நேராக வைத்துக்கொண்டு, முடியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். பார்ப்பவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது.

அவர் வந்தார். நன்றாகவே பேசினார். நானும் பேசினேன், சிரிக்க வைத்தேன். அதற்கு முன் மூன்று வாரம் செயலியில் எழுதிக்கொண்டிருந்தோம். ப்ரொஃபைலில் என் படங்கள் எல்லாமே மார்பளவுதான். ஒன்பது மணி ஆனதும், "கிளம்பலாமா? கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்றார்.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வர்றேன்."

"தனியாவா?"

"ஆமா."

முகம் மாறிவிட்டது. சரி என்று எழுந்து போனார். அன்றிரவு ஒரு செய்தி வந்தது: "உங்களுக்கு விருப்பமில்லைன்னு புரிஞ்சுது. பரவாயில்லை." நான் பதில் போடவில்லை. அவர் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பல மாதம் துக்கம் கொண்டாடினேன். பிறகு ஒருநாள் அந்தச் செய்தியை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அவரிடம் நான் எதையுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்று நான் பயந்த பதிலை, அவர் பெயரில் நானே எழுதி, நானே படித்து, நானே அழுதிருக்கிறேன்.

எனக்கு இப்போது 40 வயது. 26 வயதில் கார் விபத்து. முதுகெலும்பில் டி10 என்று சொல்லும் இடத்தில் தண்டுவடம் நசுங்கியது. தொப்புள் மட்டத்துக்குக் கீழே அசைவில்லை, தொட்டால் தெரியாது. கைகளுக்கு ஒன்றுமில்லை. மறுவாழ்வுப் பிரிவில் மூன்று மாதம் இருந்தேன். சிறுநீர், மலம், தோல் என்று மூன்று பாடம் நடத்தினார்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய், போடவேண்டும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை உடம்பைத் தூக்கி அல்லது சாய்த்துப் பாரத்தை மாற்றவேண்டும், இல்லையென்றால் புண் வரும். நல்ல பாடங்கள்தான், இன்றுவரை என்னைக் காப்பாற்றுகின்றன. நான்காவது பாடம் ஒன்று இருந்திருக்க வேண்டும், அதை யாரும் எடுக்கவில்லை.

மாதவிடாய் நின்றுபோயிருந்தது. மருத்துவரிடம் கேட்டேன். அவர் என் அம்மாவைப் பார்த்து, "சில மாசத்துல தானா வந்துடும்மா" என்றார். வந்தது. "குழந்தை பெத்துக்க முடியுமா?" என்று அடுத்த கேள்வி கேட்டேன். அதற்கும் அம்மாவைத்தான் பார்த்தார். "இப்போ அதெல்லாம் எதுக்கு?" இவ்வளவுதான் பதில். தண்டுவடக் காயம் பெண்களின் கருவுறும் திறனைப் பொதுவாகக் குறைப்பதில்லை என்பதை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.

நான்காவது பாடத்தை எடுத்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். படுக்கைப் புண்ணுக்காக மறுபடி வந்து படுத்திருந்தார். ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "கீழ போச்சேன்னு அழாத. கழுத்து, காது, உள்ளங்கை எல்லாம் இப்போ எப்படி இருக்குன்னு கவனிச்சுப் பாரு. எனக்குக் காதுல வந்து உட்கார்ந்துக்கிச்சு." நான் சிரித்த சிரிப்பில் செவிலியர் வந்து விளக்கைப் போட்டுவிட்டார்.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர், ஏறத்தாழ 130 கோடிப் பேர், ஏதோ ஒரு குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. அதன் 23-ஆம் பிரிவு, திருமண வயதை எட்டிய எவரும் இருவரின் முழுச் சம்மதத்தோடு மணம் செய்துகொள்ளவும் குடும்பம் அமைக்கவும் உரிமை உண்டு என்கிறது. இதையெல்லாம் படித்தபோது மனதுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு செயலியில் ப்ரொஃபைல் எழுத உட்காரும்போது 23-ஆம் பிரிவு கைகொடுப்பதில்லை.

ப்ரொஃபைலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி அதுதான்: எப்போது சொல்வது?

தூணுக்குப் பின்னால் நாற்காலியை ஒளித்த கதைக்குப் பிறகு எதிர்ப்பக்கம் தாவினேன். முதல் படமே நாற்காலியில் முழு உருவம். கீழே விபத்து நடந்த வருடம், காயத்தின் மட்டம், என்னால் முடிந்தவை, முடியாதவை என்று ஒரு பத்தி. மருத்துவமனையில் நோயாளி பற்றி எழுதிவைக்கும் குறிப்பு மாதிரி இருந்தது. வந்த செய்திகளும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தன. "உங்களைப் பார்த்தா ரொம்ப ஊக்கமா இருக்கு", "கடவுள் துணை இருப்பார்", "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்". ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், நகைச்சுவைக் கலைஞர். ஊனமுற்றவர்களை மற்றவர்களின் ஊக்கத்துக்கான பொருளாக்கும் இந்தப் பழக்கத்தை 2014-இல் ஒரு மேடையில் கிழித்துத் தொங்கவிட்டார். அதற்கு 'இன்ஸ்பிரேஷன் போர்ன்' என்றே பெயர் வைத்துப் பேசினார். அந்த உரையைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. என்னைப் பார்த்து ஊக்கம் பெறுகிறவனுக்கு என்னை முத்தமிடத் தோன்றாது.

மூன்றாவது முறை எழுதியதைத்தான் கடைசிவரை வைத்திருந்தேன். முதல் படம் முகம், இரண்டாவது நண்பர்களோடு, மூன்றாவதில் நாற்காலி தெளிவாகத் தெரியும். எழுத்தில் ஒரே ஒரு வரி: "சக்கரத்தில் வருவேன், படிக்கட்டோடு எனக்குத் தீராத பகை." மீதியெல்லாம் சதுரங்கம், பழைய ரேடியோ பழுதுபார்ப்பது, எனக்குப் பிடிக்காத பிரபலமான புத்தகங்கள். செய்திகள் எண்ணிக்கையில் குறைந்துதான் போயின. ஆனால் வந்தவர்கள் சதுரங்கத்தைப் பற்றிப் பேசினார்கள்.

என் கருத்தில், நேரில் சந்திப்பதற்கு முன் ஊனம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதன் மருத்துவ வரலாறு தெரிந்திருக்கத் தேவையில்லை. 'இருக்கிறது' என்பது முதலிலேயே. 'எப்படி வந்தது' என்பது நட்பான பிறகு. 'படுக்கையில் எப்படி' என்பது படுக்கை என்ற பேச்சு இருவர் மனதிலும் வந்த பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி மூன்றாவது செய்தியிலேயே "உங்களால அது முடியுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆரம்பத்தில் பொறுமையாகப் பாடம் எடுத்தேன். பிறகு, "உங்களால முடியுமா? சான்றிதழ் அனுப்புங்க" என்று எழுதத் தொடங்கினேன். பெரும்பாலும் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும், நேரம் மிச்சம்.

இது எனக்குப் பொருந்தும் வழி. என் ஊனம் எனக்கு முன்னால் உருண்டு வருகிறது, மறைக்க நினைத்தாலும் ஒரு தூண் வேண்டும். வலிப்பு, மூட்டுவாதம், நாள்பட்ட வலி, மனநோய் என்று வெளியில் தெரியாதவற்றோடு வாழ்கிறவர்களின் சிக்கல் வேறு. சொல்லாமல் பல மாதம் கடத்தலாம், ஒவ்வொரு நாள் கடக்கும்போதும் 'ஏன் முன்னாடியே சொல்லல' என்ற கேள்விக்கு வட்டி ஏறும். மூட்டுவாதம் உள்ள என் தோழி மூன்றாவது சந்திப்பு என்று கணக்கு வைத்திருக்கிறாள். அதுவும் நல்ல நாளில் சொல்லமாட்டாள். வலி இருக்கும் நாளில் பாதியில் எழுந்து, "இன்னிக்கு இவ்வளவுதான் முடியும், காரணம் இது" என்று நேராகச் சொல்லிவிடுவாள். காது கேளாத இன்னொரு நண்பன் முதல் சந்திப்பின் இடத்தை வெளிச்சத்தை வைத்துத்தான் முடிவு செய்வான். எதிரில் இருப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் காதல் வளர்ப்பதெல்லாம் அவனுக்கு ஆகாத வேலை.

உளவியலில் 'பரவல்' என்று ஒரு கருத்து உண்டு. பியாட்ரிஸ் ரைட் 1960-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு குறையைப் பார்த்ததும் அது அந்த மனிதர் முழுவதும் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்வது. கண் தெரியாதவரிடம் உரக்கக் கத்திப் பேசுகிறார்கள் அல்லவா, அதுதான். கால் நடக்காவிட்டால் மூளையும் நடக்காது, ஆசையும் இருக்காது என்று கணக்குப் போடுவது. நான் இதைப் படித்துவிட்டு ஊரையெல்லாம் திட்டினேன். அப்புறம்தான் யோசித்தேன், அதே கணக்கை என்மேலேயே போட்டவள் நான்தானே. விபத்து நடந்து இரண்டு வருடம் புது உள்ளாடை வாங்கவில்லை நான். யாருக்காக என்று நினைத்தேன்.

சரி, வருகிறவர்களைப் பற்றி. நாற்காலி மேலேயே ஈர்ப்பு உள்ள ஆண்கள் இருக்கிறார்கள். அடையாளம் காண்பது சுலபம். உங்கள் பெயரைச் சரியாக எழுதத் தெரிவதற்கு முன்பே உங்கள் கால் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கேட்பார்கள், பாதத்தின் படம் கேட்பார்கள். அதை வெளிப்படையாகச் சொல்கிறவனோடு பேசி முடிவெடுப்பது உங்கள் விருப்பம். மறைத்துக்கொண்டு வருகிறவனிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பாதுகாப்புக்காக ஒரே ஒரு விஷயம் எல்லாப் பெண்களிடமும் சொல்வேன்: முதல் சில சந்திப்புகளுக்கு அவருடைய காரில் ஏறாதீர்கள். நடக்கிறவள் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிவிடலாம். என் நாற்காலியை டிக்கியில் வைத்து மூடிவிட்டால் என் கால்கள் அவர் கையில்.

ஆனால் என்னை அதிகம் குழப்பியவன் நல்லவன். எட்டு மாதம் பழகினோம். கதவைத் திறந்து பிடிப்பான், சாய்தளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே போன் செய்து விசாரிப்பான், என் மருந்து நேரம் எனக்கு மறந்தாலும் அவனுக்கு மறக்காது. தோழிகள் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். என்னோடு அவன் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. நான் வேண்டுமென்றே அபத்தமாகப் பேசிப் பார்த்தேன், அப்போதும் "உனக்கு இன்னிக்குக் களைப்பா இருக்கும்" என்றான். யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்வான். முத்தம் நெற்றியில்தான்.

கையாலேயே ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் இயக்கும் கருவி பொருத்திய காரை ஓட்ட நான் கற்றுக்கொண்டேன். தேர்வில் தேறிய அன்று நேராக அவன் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தேன். வெளியே வந்தவன் முகத்தில் சந்தோஷம் வர ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடியை நான் பார்த்துவிட்டேன். இனி என்னை அழைத்துப்போக யாரும் வேண்டாம் என்பது அவனுக்கு இழப்பாக இருந்தது. இரண்டு வாரத்தில் முதல் சண்டை வந்தது, அதுவே கடைசியும்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உதவி செய்கிறவர் எல்லோரையும் சந்தேகப்படவும் சொல்லவில்லை. நான் கவனிக்கத் தவறியது ஒன்றுதான்: அவனுக்கு என்னிடம் எதுவும் தேவைப்படவில்லை. தன் கஷ்டம் எதையும் என்னிடம் சொன்னதில்லை, ஆலோசனை கேட்டதில்லை, என் தோளில் சாய்ந்ததில்லை. இப்போது யாராவது என்னிடம் வந்து, இவன் அன்பா இரக்கமா என்று கேட்டால், "கடைசியா உன்கிட்ட எதுக்காக உதவி கேட்டான்?" என்று திருப்பிக் கேட்பேன்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விபத்துக்கு முன்னால் எனக்கு ஒரு காதலன் இருந்தான். 'விபத்துக்கப்புறம் போயிட்டான்' என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், அதற்கு மேல் கேள்வி வராது. உண்மையில் அவன் தினமும் மருத்துவமனைக்கு வந்தான். நான்தான், "உன் வாழ்க்கையைப் பாரு, என்னைக் கட்டிக்கிட்டு அழாத" என்றேன். இரண்டு மாதம் மன்றாடினான். பிறகு ஒருநாள் வரவில்லை. அவன் நன்மைக்காகச் செய்ததாக அப்போது நம்பினேன். எனக்காக என் அம்மாவிடம் பதில் சொன்ன அந்த மருத்துவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் இருந்திருப்பானா, ஒரு வருடத்தில் போயிருப்பானா தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான் அவனுக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை.

செயலிகளிலிருந்து ஒரு வருடம் விலகி இருந்தேன். வாரம் இரண்டு மாலை ஒரு வெளிநாட்டு மொழி வகுப்பில் சேர்ந்தேன், காதலுக்காக அல்ல, பொழுதுபோக. ஆனால் ஈர்ப்பைப் பற்றி நான் கற்றது அங்கேதான். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டியது இது: ஒன்றை மறுபடி மறுபடி பார்க்க நேர்ந்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது. செயலியில் ஒருவர் என்னைப் பார்ப்பது சில விநாடி. அந்தச் சில விநாடியில் நாற்காலிதான் தெரியும், வேறெதுவும் தெரிய நேரமில்லை. வகுப்பிலும் முதல் நாள் எல்லோரும் நாற்காலியைத்தான் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் மேசையை நகர்த்திவிட யார் எழுவது என்று தயங்கினார்கள். ஐந்தாவது வாரத்தில், வினைச்சொற்களை மனப்பாடம் செய்யாமல் வந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுகிறவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருப்பவன் எரிச்சலானான். அந்த எரிச்சல் எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதனால், கூச்சம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது, ஒரே முறை சந்தித்து முடிவெடுக்கும் இடங்களைவிட வாராவாரம் அதே முகங்கள் வரும் இடம் நமக்கு நல்லது. பாட்டுக் குழு, சதுரங்க மன்றம், நாடகக் குழு, எதுவானாலும் சரி. ஊனமுற்றோருக்காக மட்டும் நடக்கும் கூட்டங்களும் நல்லவைதான், அங்கே காதலித்து மணந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 'உங்களுக்கு உங்க ஆளுங்கதான் சரிப்படும்' என்று வெளியாள் சொன்னால் பல்லைக் கடிப்பேன்.

மூன்று மாதம் கழித்து நான்தான் கேட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, "உங்கமேல எனக்கு ஒரு இது இருக்கு. உங்களுக்கு எப்படின்னு தெரியணும்" என்றேன். நாற்பது வாட்டி ஒத்திகை பார்த்த வாக்கியம், அதிலும் 'ஒரு இது' என்று வந்துவிட்டது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "யோசிக்கணும். ஒரு வாரம் குடுங்க" என்றான்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! வழக்கம்போல அவனுக்குப் பதிலாக 'வேண்டாம்' என்று எழுதி முடித்து, வகுப்பை விட்டு நிற்கும் கடிதத்தையும் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை என்பதுதான் நான் அடைந்த முன்னேற்றம். அடுத்த வாரம் வந்தான். "எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா பயமா இருக்கு. என்ன செய்யணும், எதைத் தொடலாம், எதுல வலிக்கும், ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தான் பயம்" என்றேன். உடனே சரி என்றிருந்தால் அவனை நான் நம்பியிருக்கமாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

யாரும் சொல்லித்தராத சின்னச் சின்ன விஷயங்கள் எவ்வளவு! கை கோத்து நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு கையும் சக்கரத்தில் இருக்க வேண்டும். ஒரு கையை அவனுக்குக் கொடுத்துவிட்டு மறுகையால் தள்ளினால் நாற்காலி வட்டம் போடும். முதல் நாள் பூங்காவில் அப்படியே அவனைச் சுற்றி வந்தேன். நாற்காலியின் பின்கைப்பிடியை அவன் பிடிப்பது எனக்குப் பிடிக்காது. அது என் உடம்பின் பகுதி, கேட்காமல் தொட்டால் யாரோ இடுப்பைப் பிடித்துத் தள்ளுவது போலிருக்கும். அதோடு, பின்னால் வருகிறவனின் முகம் தெரியாமல் என்ன காதல் பேச? கடைசியில் சமதரையில் அவன் முன்கையை நான் பிடித்துக்கொள்ள, அவன் இழுத்தபடி நடக்க, மறுகையால் நான் திசையை மட்டும் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. கட்டியணைப்பதும் அப்படித்தான். நின்றபடி குனிந்து தட்டிக்கொடுத்தால் குழந்தையைக் கொஞ்சுவது மாதிரி ஆகிவிடும். அவன் உட்கார வேண்டும், அவ்வளவுதான். எங்கே போனாலும் முதலில் ஒரு பெஞ்சைத் தேடுவான்.

வெளியே போகும் நாளில் கத்தீட்டர் நேரத்தை வைத்துத்தான் திட்டம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை அங்கே இருக்கிறதா என்று நானே போன் செய்து கேட்டுவிடுவேன். 'எல்லா வசதியும் இருக்கு' என்று சொன்னால் நம்பாதீர்கள். கதவு எத்தனை சென்டிமீட்டர் அகலம், உள்ளே நாற்காலி திரும்புமா என்று கேளுங்கள். கழிப்பறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீர் குடிக்காமல் போகும் தந்திரம் எனக்கும் தெரியும். சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலோடு படுத்த பிறகு விட்டுவிட்டேன்.

அந்தரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் அந்த அக்கா எனக்குச் சொன்னதை நானும் யாருக்காவது சொல்லவேண்டும். முதல் முறைக்கு முன்னால் உட்கார்ந்து பேசினோம். சிறுநீர் கசியலாம், துண்டு விரித்துக்கொள்வோம், கசிந்தால் துடைத்துக்கொள்வோம். கால் திடீரென்று துள்ளலாம், அது தசை இறுக்கம், பயப்படாதே. கீழே எனக்குத் தெரியாது, அதனால் தோல் உரசுகிறதா, மடிந்து கிடக்கிறதா என்று நீயும் பார். காதலுக்கு முன்னால் இப்படி ஒரு பட்டியலா என்று தோன்றும். எங்களுக்கு நாலாவது நிமிடமே சிரிப்பு வந்துவிட்டது, அது போதுமாக இருந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உச்சம் சாத்தியம் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது, சிலருக்கு உணர்விருக்கும் எல்லைக்கு மேலேயிருந்தே வரும். அந்த அக்காவின் காது சும்மா சொன்ன கதையல்ல. கருத்தடை மாத்திரை என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும், நமக்கு அந்த அபாயம் ஏற்கெனவே உண்டு. காயம் முதுகெலும்பில் டி6 என்ற இடத்திலோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமாகவோ இருப்பவர்களுக்கு உடலுறவின்போது ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தால் உடனே நிறுத்தி நேராக உட்கார வேண்டும். அந்த அழுத்தத்தைக் குறைக்க நைட்ரேட் வகை மருந்து கொடுப்பதுண்டு. ஆண் ஒருவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாகக் கீழே போய்விடும். கூச்சத்தில் உயிரை விடவேண்டாம்.

கத்தீட்டர் வேலைக்கு அவனை நான் சேர்ப்பதில்லை. என் காய்ச்சல் நாட்களில் ஒன்றிரண்டு முறை செய்திருக்கிறான், அதோடு சரி. பராமரிப்பு வேறு ஆள் கையிலோ என் கையிலோ இருந்தால் அவன் கை என்மேல் படும்போது அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்கும். இதை மறுக்கும் தம்பதிகள் உண்டு. அந்த வேலையே எங்களுக்கு நெருக்கம் என்பார்கள். இருக்கலாம். வெளியாளை வைத்துக்கொள்ள எல்லோராலும் முடிவதும் இல்லை.

நிராகரிப்பு வந்ததா என்றால், நிறைய. சிலர் நாற்காலிக்காகத்தான் விலகினார்கள், ஒருவர் அதை நேர்மையாகச் சொன்னார், அவர்மேல் மரியாதை வந்தது. ஒருவர் என் சிரிப்பு சத்தம் அதிகம் என்று விலகினார். அன்று எனக்குள் ஏதோ ஒரு அல்ப சந்தோஷம்.

நாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கி ஆறு வருடமாகிறது. போன மாதம் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. செய்தியை அவன் சொல்லி முடிக்கும் முன்பே, "நீ போ. என்னைப் பத்தி யோசிக்காத. வாரக் கடைசியில வந்துட்டுப் போ, எனக்கு இங்க எல்லாம் பழகின இடம், நான் சமாளிச்சுப்பேன்" என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

"நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே" என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அவன் கேட்டான். நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

சனிக்கிழமை அந்த ஊரில் வீடு பார்க்கப் போகிறோம். தரைத்தளம் என்றுதான் தரகர் சொல்கிறார். எல்லா வசதியும் இருக்கிறதாம். அளவு நாடாவை என் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.